ராங்கின் போட்ட கோடும், டி லவால் போட்ட கம்பியும்

போன வாரம் எங்க வீட்டு வாஷிங் மெஷின் நடக்க ஆரம்பிச்சிடுச்சு. ஜமுக்காளம் ஒரு பக்கமா சுருண்டு கிடக்க, ஸ்பின் ஆரம்பிச்சதும் டமடமன்னு குதிச்சு, இருந்த இடத்தை விட்டு அரை அடி நகர்ந்துடுச்சு. ஓடிப்போய் நிறுத்தலாம்னு கையை நீட்டினேன். அதுக்குள்ள வேகம் இன்னும் ஏறி, ஆட்டம் தானா அடங்கிடுச்சு. வேகம் கூடினா ஆட்டமும் கூடத்தானே செய்யணும்? எப்படி குறைஞ்சது?

இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பெரிய மேதையோட தப்புக் கணக்கு இருக்கு. இன்னைக்குக் கதை அதுதான்.

முதல்ல, சுழலுற பொருளில் எடை ஒரு பக்கம் கூடினா என்ன ஆகும்னு பார்ப்போம். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வெறும் 1 கிராம் கூடுதலா இருக்குன்னு வைங்க. நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது சீலிங் ஃபேன் வேகத்தில், அது வெளியே இழுக்கிற விசை சுமார் 10 கிராம் எடைக்குச் சமம். நமக்குத் தெரியவே தெரியாது. அதே 1 கிராம் 30,000 சுற்றில் ஓடினா? சுமார் 100 கிலோ! வேகம் 100 மடங்கு கூடினா விசை 10,000 மடங்கு கூடும். அந்த 100 கிலோ, ஒரு நொடியில் 500 தடவை திசை மாறி பேரிங்கை அடிக்கும்.

1869. கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ராங்கின் ஒரு கணக்குப் போடுறார். வெப்பவியலை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர், சாதாரண ஆள் இல்லை. ஒவ்வொரு தண்டுக்கும், அதாவது ஷாஃப்டுக்கும், ஒரு எல்லை வேகம் உண்டு. அதைத் தாண்டினா தண்டு வளைஞ்சுகிட்டே போகும், நிலைக்காதுன்னு முடிவு சொன்னார். எல்லை இருக்குன்னு சொன்னது சரி. அதுக்கு அந்தப் பக்கம் போகவே முடியாதுன்னதுதான் தப்பு. சுழற்சியில் பக்கவாட்டில் செயல்படுற கொரியோலிஸ் விசையை அவர் கணக்கில் சேர்க்கலை.

இப்போ சுவீடனுக்கு வருவோம். பாலில் இருந்து கிரீமைப் பிரிக்கிற சுழல் இயந்திரத்தை 1878-ல் உருவாக்கின கஸ்டாஃப் டி லவால், அடுத்து நீராவி டர்பைன்ல இறங்கினார். அதுக்கு 30,000 சுற்று வேகம் வேணும். எவ்வளவு கவனமா செதுக்கினாலும், சக்கரத்தோட எடை மையம் துல்லியமா நடுவில் உட்காராது. இன்னும் தடிமனா தண்டு போடுவோம்னுதான் யாருக்கும் தோணும். டி லவால் நேர்மாறா செஞ்சார். 1889 வாக்கில், வளையக்கூடிய ஒல்லியான தண்டைப் போட்டு, ராங்கின் கோடு போட்டுத் தடுத்த வேகத்தை வேகமா தாண்டி ஓட்டினார். ஆட்டம் வந்தது, அடங்கியது!

காரணம் அழகானது. எல்லைக்குக் கீழே, கனமான பக்கம் வெளியே ஓடப் பார்க்கும். எல்லையைத் தாண்டினதும், தண்டு கொஞ்சம் வளைஞ்சு இடம் கொடுக்க, சக்கரம் தன்னோட உண்மையான எடை மையத்தைச் சுத்தியே சுழல ஆரம்பிக்கும். தன்னைத் தானே நடுவில் வைச்சுக்கும். என் வாஷிங் மெஷின்ல தண்டு செய்த வேலையை ஸ்பிரிங் செய்தது, அவ்வளவுதான். ஜெர்மனியின் ஆகஸ்ட் ஃபோப்பல் 1895-ல் இதைக் கணக்கால் விளக்கினார். இயந்திரம் முதல்ல ஓடிடுச்சு. கணக்கு பின்னாடி வந்து சேர்ந்தது.

ஆனா எல்லா இயந்திரமும் தன்னைத் தானே சரி பண்ணிக்காது. தொழிற்சாலை ஃபேன்கள் பெரும்பாலும் எல்லைக்குக் கீழேதான் ஓடும். இறக்கையில் தூசு படியும், ஒரு பக்கம் தேயும், பேலன்ஸ் போயிடும். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நீளமான சுழலியின் ஒரு முனையில் மேலேயும், மறு முனையில் கீழேயும் எடை கூடினா, நிறுத்தி வைச்சுப் பார்க்கும்போது சமமாத்தான் தெரியும். ஓடவிட்டாதான் ஊஞ்சல் மாதிரி ஆடும். அதனால ஓடவிட்டே சோதிக்கிற இயந்திரம் தேவைப்பட்டது. 1870-லேயே கனடாவில் மார்ட்டின்சன் என்பவர் அதுக்குக் காப்புரிமை வாங்கினார். 1907-ல் ஜெர்மனியின் லவாசெக் இன்னும் நல்ல வடிவம் கொடுத்தார்.

இயந்திரத்தைக் கழட்டாம, இருக்கிற இடத்திலேயே சரி பண்ண அமெரிக்காவின் தியர்ல் 1934-ல் ஒரு முறையை வெளியிட்டார். அதிர்வை அளக்கணும். தெரிந்த ஒரு எடையைத் தெரிந்த இடத்தில் மாட்டி, மறுபடி அளக்கணும். அதிர்வு எவ்வளவு மாறுச்சு, எந்தப் பக்கம் மாறுச்சுங்கிறதை வைச்சே, சரியான எடை எங்கே வேணும்னு கணக்கு சொல்லிடும். இன்னைக்கும் ஃபேன் பக்கத்தில் சென்சாரோட நிக்கிற டெக்னீஷியன் செய்யறது அடிப்படையில் இதுதான்.

ராங்கினை முட்டாள்னு நினைச்சுடாதீங்க. ஆபத்து எங்கே இருக்குன்னு அவர் காட்டினது உண்மை. அந்த வேகத்திலேயே நின்னுட்டா, இன்னைக்கும் தண்டு உடையும். அவர் அதைச் சுவர்னு நினைச்சார். டி லவாலுக்கு அது வேகமா தாண்டிப் போக வேண்டிய வாசல்.

அடுத்த தடவை ஸ்பின் சத்தம் கேட்டா, ஒரு நிமிஷம் நின்னு கவனிங்க. 1889 உங்க வீட்டுக்குள்ளேயே ஓடிக்கிட்டு இருக்கும். ஆனா ஜமுக்காளத்தை மட்டும் கொஞ்சம் பிரிச்சுப் போடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.