கோவை மலையோர ஊர்களில் காட்டு விலங்குகளோடு வாழ்தல்

கோயம்புத்தூரின் மேற்கிலும் வடக்கிலும் தோட்டம் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது. காந்திபுரத்தில் 70ஆம் எண் டவுன் பஸ் ஏறினால் மருதமலை அடிவாரத்தில் இறங்கலாம். பொழுது சாய்ந்தபின் அங்கே யானை ரோட்டைக் கடப்பது ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. மதுக்கரை, போளுவாம்பட்டி, பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை வனச்சரகங்களை ஒட்டிய ஊர்களிலும், ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ்ந்த வால்பாறையிலும் யானை, கரடி, சிறுத்தை, காட்டுப்பன்றி ஆகியவற்றோடு மக்கள் அன்றாடம் வாழ்கிறார்கள்.

யானை

யானையை ஊருக்குள் இழுப்பது பெரும்பாலும் தீனிதான். வாழை, சோளம், தென்னங்குருத்து, வீட்டில் வைத்திருக்கும் ரேஷன் அரிசி, உப்பு எல்லாமே அதன் மூக்குக்கு எட்டும். தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகளில் எரிப்பதற்காகப் பனைமரத் துண்டுகளை அடுக்கி வைத்திருந்த காலத்தில், அவற்றைத் தின்னவும் யானைகள் வந்தன. அந்தச் சூளைகள் 2021இல் மூடப்பட்டன.

பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் தொல்லை தீரும் என்ற எண்ணத்தை யானைகளே பொய்யாக்கியிருக்கின்றன. தடாகத்தில் 2019 ஜனவரியில் பிடிபட்ட சின்னத்தம்பி என்ற யானையை டாப்சிலிப் பக்கம் விட்டார்கள். அது காட்டைவிட்டு வெளியேறி உடுமலைப்பேட்டை வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த மாதமே மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் அடைக்க வேண்டியதாயிற்று. தர்மபுரி மாவட்டத்தில் 2023 பிப்ரவரியில் பிடித்து ஆனைமலையில் விட்ட மக்னா (தந்தமில்லாத ஆண்) யானையோ பொள்ளாச்சி, மதுக்கரை, குனியமுத்தூர் என்று நடந்து கோவை நகரத்தின் வாசலுக்கே வந்துவிட்டது. பேரூர்ப் பக்கம் மறுபடி மயக்க ஊசி போட்டுத்தான் அதைப் பிடித்தார்கள்.

இதைவிடப் பயன் தந்தது முன்கூட்டியே கிடைக்கும் சேதி. வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, நடுநடுவே சோலைத் துண்டுகள். அங்கே யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் யானை நிற்பது தெரியாமல் நடந்து போனவர்கள். இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து, யானை நிற்கும் இடத்தை உள்ளூர் கேபிள் டிவியிலும் செல்போன் குறுஞ்செய்தியிலும் அறிவித்தார்கள். யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளையும் நட்டார்கள். அவற்றை ஏற்றவும் அணைக்கவும் ஒரு செல்போன் அழைப்பு போதும். இந்தப் பணிக்காக ஆய்வாளர் எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. உயிரிழப்புகளும் குறைந்தன.

இதே வழியை ரயில் பாதையிலும் கையாள்கிறார்கள். நவக்கரை அருகே 2021 நவம்பர் 26 இரவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரி முதல் மதுக்கரை வனச்சரகத்தில் 12 கோபுரங்களில் பொருத்திய செயற்கை நுண்ணறிவு கேமராக்கள், தண்டவாளத்தை நெருங்கும் யானையைக் கண்டதும் ரயில்வேக்குத் தகவல் தருகின்றன.

வேலி, வெடி, பன்றி

பயிரைக் காக்க மெயின் லைனிலிருந்து கம்பி இழுத்து வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். அதில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். மின்வேலிகளைப் பதிவு செய்ய 2023இல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைக் கடித்த யானை வாய் சிதைந்து, தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகும். இதைவிடக் கொடிய சாவு காட்டில் இல்லை. பன்றியால் கடலையும் மரவள்ளியும் இழக்கும் விவசாயியின் கோபம் நியாயமானதே. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது.

கரடி

இங்குள்ள கரடி கறையானும் தேனும் பழமும் தின்பது. மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகப் புற்றிலிருந்து கறையானை உறிஞ்சும் சத்தம் வெகுதூரம் கேட்கும். குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிகளை எல்லோருக்கும் தெரியும்.

மோப்பம் கூர்மை, கண்ணும் காதும் மந்தம். தீனியில் முனைந்திருக்கும்போது ஆள் வருவது தெரியாமல், சில அடி தூரத்தில் திடீரெனக் கண்டு மிரண்டு பாய்கிறது. நகம் முகத்திலும் தலையிலும் விழுகிறது. வால்பாறையில் 2025 ஆகஸ்டில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தபோது முதலில் சிறுத்தை என்றே பேசினார்கள். பிறகுதான் கரடி என்று தெரிந்தது.

விடியற்காலையிலும் அந்தியிலும் புதரோரம் தனியே போகக் கூடாது. போக வேண்டியிருந்தால் பேசிக்கொண்டோ தடியைத் தட்டிக்கொண்டோ டார்ச்சோடு போக வேண்டும். எதிரே பட்டுவிட்டால் ஓடாமல், முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். தாக்கிவிட்டால் குப்புறப் படுத்துப் பிடரியையும் தலையையும் கைகளால் மூடிக்கொள்வது முகத்தைக் காக்கும்.

ஆபத்து மிகுந்த இடம் எஸ்டேட் லைன் வீடுகளின் பின்புறம். அங்கே வாசலிலிருந்து சில அடியிலேயே தேயிலையும் உன்னிப்புதரும் தொடங்குகின்றன. உன்னிப்பழத்தைக் கரடி விரும்பித் தின்னும். அந்தப் புதரை வெட்டுவதும், கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்குப் போடுவதும், மீந்த சோற்றை வெளியே கொட்டாமல் அப்புறப்படுத்த ஏற்பாடு செய்வதும் எஸ்டேட் நிர்வாகம் செய்தாக வேண்டியவை. நாள் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் குடும்பத்தின் தலையில் அந்தச் செலவைக் கட்டக் கூடாது.