பாலசகி: மும்பைச் சேரிகளில் எழுத்தும் எண்ணும்

பாடசாலைக்குப் போவதும் கல்வி பெறுவதும் ஒன்றல்ல. இதை ஐயத்துக்கிடமின்றி நிறுவிக்காட்டிய முயற்சியொன்று மும்பை மாநகரிலே தோன்றியது. தமிழில் அதன் வரலாறு அதிகம் பேசப்படவில்லை என்பதால் இங்கு எழுதுகிறேன்.

மும்பை மாநகராட்சி தமிழ் உட்படப் பல மொழிகளில் ஆரம்பப் பாடசாலைகளை நடத்தி வருகிறது. அவற்றில் படிப்போர் பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். 1990களின் நடுப்பகுதியில் யுனிசெவ் நிறுவனத்தின் ஆதரவுடன் அங்கு ‘பிரதம்’ என்ற அமைப்பு உருவாகியது. இரசாயனவியல் கற்ற மாதவ் சவானும் சமூகப்பணித் துறையைச் சேர்ந்த பரீதா லாம்பேயும் அதனை முன்னின்று தொடங்கினர். பாலர் வகுப்புகளுக்குக் கட்டடம் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கோயிலும் குடியிருப்பாளரின் வீடும் வகுப்பறைகளாயின.

அந்தப் பத்தாண்டின் இறுதியில் ‘பாலசகி’ திட்டம் வந்தது. பாலசகி என்றால் பிள்ளையின் தோழி. இடைநிலைக் கல்வியை முடித்த, அதே பகுதியைச் சேர்ந்த இளம் பெண்ணுக்கு இரண்டு வாரப் பயிற்சி அளிக்கப்பட்டது. மாதக் கொடுப்பனவு 500 முதல் 750 ரூபா வரையே. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 வரையான பிள்ளைகளைத் தனியே அழைத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் வாசிப்பையும் அடிப்படைக் கணிதத்தையும் அவள் கற்பித்தாள்.

2001 முதல் 2003 வரை மும்பையிலும் குஜராத்தின் வதோதரா நகரிலும் இத்திட்டம் பரிசோதிக்கப்பட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ ஆகியோர் சக ஆய்வாளருடன் இதை நடத்தினர். எப்பாடசாலையில் எந்த வகுப்புக்குப் பாலசகி என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. வதோதராவில் மூன்றாம் வகுப்பு மாணவருள் ஐந்தில் ஒரு பங்கினரே முதலாம் வகுப்புக் கணிதத்தைச் சரியாகச் செய்யக்கூடியவராக இருந்தனர்.

2007இல் வெளியான முடிவுகளில் மூன்று விடயங்கள் என்னைக் கவர்ந்தன. முதலாவது, மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினர். இரண்டாவது, அவர்கள் வெளியேறியதால் வகுப்பில் நெரிசல் குறைந்தபோதும், ஆசிரியரிடம் எஞ்சியிருந்த மாணவர் குறிப்பிடத்தக்க பயனெதையும் பெறவில்லை. ஆகவே நெரிசலைக் குறைப்பது மட்டும் போதாது. பிள்ளை நிற்கும் படியிலிருந்து கற்பித்தல் தொடங்க வேண்டும். மூன்றாவது, திட்டத்திலிருந்து விலகி ஓராண்டு கழிந்ததும் பயனில் பெரும்பகுதி மங்கிவிட்டது.

மூன்றாவது முடிவு கசப்பானது. துணை வகுப்பிலே மீண்டெழுந்த பிள்ளை, பாடத்திட்டத்தின் பின்னால் மட்டும் ஓடும் வகுப்பறைக்கே திரும்புகிறது. 2005இல் பிரதம் இந்தியக் கிராமங்களில் தொடங்கிய ‘அசர்’ கணக்கெடுப்பும் இதே நிலையைக் காட்டியது. 7 முதல் 14 வயதுக்குட்பட்டோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோரால் இரண்டாம் வகுப்புத் தரத்திலான எளிய கதையொன்றை வாசிக்க இயலவில்லை. அவர்களுட் பெரும்பாலானோர் பாடசாலையிற் சேர்க்கப்பட்டவர்கள் என்பது கவனத்துக்குரியது.

பானர்ஜியும் டுப்லோவும் 2019இல் மைக்கல் கிரேமருடன் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் தமிழ்நாடு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும் உள்ளூர்த் தன்னார்வலரை, அவர்களுள்ளும் பெரும்பாலும் பெண்களை, நம்பியே நடந்தது.

எங்கள் பத்திரிகைகள் பரீட்சையில் முதலிடம் பெற்றோரின் படங்களைப் பிரசுரிக்கின்றன. கடைசி வாங்கில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் அமர்ந்திருக்கும் பிள்ளை செய்தியாவதில்லை. அப்பிள்ளைக்கென ஒதுக்கும் இரண்டு மணிநேரத்தைத் தன்னார்வலரின் தயவில் விடாது, பாடசாலையின் அன்றாட நேரசூசியிலேயே சேர்க்க வேண்டும் என்பதுதான் பாலசகிகளின் வரலாறு எமக்கு விட்டுச்சென்ற பாடம்.