வாயிலில் தலைகள், கடற்கரையில் சேனை: பாண்டிய உரிமைப் போரின் இறுதிக் கட்டம் பற்றி ஒரு மறுவாசிப்பு

பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் மூண்ட 12ஆம் நூற்றாண்டு அரசுரிமைப் போரில், இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு அனுப்பிய தளபதி இலங்காபுரனின் சேனை என்ன ஆனது? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி ‘சோழர்கள்’ நூலில் தந்த விடையே இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. பராக்கிரம பாண்டியனின் மகன் வீரபாண்டியனுக்கு முடிசூட்டிய வெற்றியோடு, இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் கதையை முடித்துக்கொள்கிறது. அது சொல்லாமல் விட்ட தோல்வியை, குலசேகரனுக்குத் துணைநின்ற சோழரின் கல்வெட்டுகள் சொல்கின்றன என்பது அவர் நிலைப்பாடு. சூளவம்சத்தை அவர் ஐயத்தோடு அணுகியது சரியே. ஆனால் அந்த ஐயத்தில் பாதியைக்கூடச் சோழர் பக்கச் சான்றுகள் மீது அவர் செலுத்தவில்லை. அதனால், சிதறிக் கிடக்கும் செய்திகள் அவர் நடையில் ஒரே தீர்க்கமான சோழ வெற்றியாகத் திரண்டுவிடுகின்றன.

மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டையில் உள்ள, சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். குலசேகரனுக்கு நாட்டை மீட்டுத் தரவும், இலங்காபுரன் உள்ளிட்ட தண்டநாயகர்களைக் கொன்று அவர்கள் தலைகளை மதுரை வாயிலில் அறையவும் ஆணை பிறந்தது. சோழ அதிகாரி பெருமானம்பிப் பல்லவராயர் அதை நிறைவேற்றினார் என்கிறது அது. ஆணையும் நிறைவேற்றமும் அடுத்தடுத்து வருகின்றன. இடையே நடந்த போருக்குக் களத்தின் பெயர் இல்லை. காரணம் ஆவணத்தின் நோக்கத்திலேயே இருக்கிறது. நோயுற்று இறந்த பல்லவராயரின் குடும்பத்தாருக்கு இறையிலி நிலம் வழங்கியதைப் பதிவுசெய்யவே அது வெட்டப்பட்டது. மறைந்தவரின் தொண்டை நிறுவத் தலைகள் போதும். சேனை எவ்வழி சென்றது என்பது அங்கே தேவையற்ற செய்தி. காஞ்சிபுரம் அருகே ஆர்ப்பாக்கத்தில் உள்ள 5ஆம் ஆண்டுக் கல்வெட்டோ வேறொரு முகத்தைக் காட்டுகிறது. தொண்டி, பாசிப் பகுதிகளில் நடந்த போர்களால் சோழ நாடே அஞ்சியதையும், சிற்றரசர் எதிரிலிசோழச் சம்புவராயர் வேண்டியபடி சைவ ஆசாரியர் உமாபதிதேவர் 28 நாள் வழிபாடு நடத்தியதையும், பின்னரே பகைவர் தோற்ற செய்தி வந்ததையும் அது கூறுகிறது. பெயரோடு குறிக்கப்படும் களங்கள் மதுரையில் இல்லை. கீழைக் கடற்கரையில்தான் உள்ளன.

இதிலிருந்து நான் முன்வைக்கும் கருத்து இது: இறுதி மோதல் மதுரை வாயிலில் நடந்த முற்றுகைப் போர் அன்று, இலங்காபுரன் கட்டிய குந்துகால் கோட்டையையும் இராமேசுவரத்தையும் நோக்கிப் பின்வாங்கிய சேனையின் பின்காவல் படையோடு நடந்த போர். தலைகள் பின்னர் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டிருக்கலாம். தலைகள் அறையப்பட்டதே வெறும் புகழ்ச்சி என்று தள்ள முடியாது. திருவாலங்காட்டில் உள்ள 12ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, சோழரை விட்டுப் பராக்கிரமபாகுவோடு கூடிய குலசேகரன் அவற்றை வாயிலிலிருந்து அகற்றினான். ஆனால் அதே கல்வெட்டு, பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் மீண்டும் படகு கட்டிப் படை திரட்டியதையும் சொல்கிறது. முற்றாக அழிந்த சேனைக்குச் சில ஆண்டுகளில் இது எளிதன்று. தலைவர்கள் மடிந்தனர், படையில் ஒரு பகுதி தப்பியது எனக் கொண்டால் இரண்டும் பொருந்தும். புதிதாக ஆள் திரட்டியிருக்கலாமே என்பார்க்கு, என் வாதத்தின் மெலிந்த இடம் அதுவே என்று ஒப்புகிறேன். எனினும், கடல் கடந்து வந்த படைக்குக் கரையைத் தவிர வேறு புகலிடம் இல்லை என்ற நிலவியல் உண்மை என் பக்கம் நிற்கிறது.

சேனை மேற்கே தப்பியிருக்கலாகாதா என்ற கேள்வி எழலாம். மதுரையிலிருந்து வந்த குலசேகரப் பாண்டியன் ஒருவன் கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூர் வழியே மலையேறினான் என்று பூஞ்சாறு அரச மரபு கூறுவதால், போடிநாயக்கனூர், கம்பம் பக்கத்து ஏலமலைச் சரிவுகளை இப்போரோடு இணைக்கத் தோன்றலாம். அம்மரபு மெய்யாகவே இருந்தாலும், மலையடிவாரம் உள்நாட்டுக் கிளையினர் ஒதுங்கும் வழியைத்தான் காட்டும். கப்பல் கிழக்கே நிற்க, அயல்சேனை ஏலமலை ஏற முகாந்தரமில்லை.

காலக்கணிப்பு இன்னும் தீரவில்லை. இராசாதிராசன் ஆட்சியை 1163இல் தொடங்கினால் ஆர்ப்பாக்கம் 1168ஐ ஒட்டி விழும். 1166 எனில் 1171ஐ ஒட்டி. எதை ஏற்றாலும் மூன்று கல்வெட்டுகளின் முன்பின் வரிசை மாறாது. பின்வாங்கல் என்ற விளக்கம் அந்த வரிசையைத்தான் நம்பியிருக்கிறது, ஆண்டுகளை அல்ல.