மோட்டார் வாகன இதழ்களும் கார் வடிவமைப்பும்

கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886ஆம் ஆண்டு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் மோட்டார் வாகனங்களுக்கென்றே தனி இதழ்கள் வெளிவரத் தொடங்கின. இவ்விதழ்கள் முதலில் காருக்காக வாதாடின. பிறகு காரை அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டன. ஒரு கட்டத்தில் காரின் வடிவமைப்பையே மாற்றும் நிலைக்கு உயர்ந்தன. இந்த வளர்ச்சியையும், அதற்குத் தடையாக இருந்தவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பாரிஸ் – ரூவான் பயணம்

மோட்டார் வாகனங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் முதன்முதலில் சோதித்துக் காட்டியது ஒரு நாளிதழே. பாரிஸ் நகரிலிருந்து வெளிவந்த லெ பெத்தி ஜூர்னால் என்னும் நாளிதழ் 1894ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று, பாரிஸிலிருந்து ரூவான் நகர் வரை 126 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு போட்டியை நடத்தியது. இதன் பின்னணியில் இருந்தவர் அதன் ஆசிரியர்களுள் ஒருவரான பியேர் ஜிஃபார். கலந்துகொள்ள 102 பேர் பெயர் கொடுத்தனர். தகுதிச் சுற்றைத் தாண்டிப் புறப்பட்டவை 21 வண்டிகள் மட்டுமே.

வண்டி ஆபத்தில்லாததாகவும், ஓட்ட எளிதானதாகவும், செலவு குறைந்ததாகவும் இருக்க வேண்டும் என்று இதழ் விதித்திருந்தது. வேகம் மட்டும் போதாது. அதனால் முதலில் வந்து சேர்ந்த தெ தியோனின் நீராவி வண்டிக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. அதற்கு ஓட்டுநரோடு உலையைக் கவனிக்க இன்னொருவரும் தேவைப்பட்டார். பெட்ரோலில் ஓடிய பனார் – லெவாசோர், பூஜோ நிறுவனங்கள் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டன. வாங்குபவருக்கு எது பயன்படும் என்ற கேள்வியை இதழ் எழுப்பியதால் கிடைத்த முடிவு இது.

சிவப்புக் கொடியும் தி ஆட்டோகாரும்

இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி இயந்திர வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும், ஊர்களுக்குள் 2 மைலும் மட்டுமே செல்லலாம். வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்லவும் வேண்டும். கொடி பற்றிய விதி 1878இல் தளர்த்தப்பட்டது. ஆயினும் ஆள் முன்னே நடப்பதும் வேகக் கட்டுப்பாடும் தொடர்ந்தன.

இச்சூழலில் 1895ஆம் ஆண்டு நவம்பர் 2 அன்று கவென்ட்ரி நகரில் இலிஃப் குடும்பத்தின் அச்சகத்திலிருந்து தி ஆட்டோகார் வெளிவந்தது. அப்போது அந்நாட்டிலிருந்த கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே கார் வைத்திருப்போரை நம்பி அந்த இதழ் தொடங்கப்படவில்லை. கார் ஓட சட்டம் இடம்தர வேண்டும் என்று வாதாடவே தொடங்கப்பட்டது. 1896ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேக வரம்பு உயர்ந்தது, முன்னே நடக்கும் ஆளும் தேவையில்லாமல் போனார். அதைக் கொண்டாட அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்கள் ஊர்வலமாகச் சென்றன.

விளம்பரத்தின் பிடி

தி ஆட்டோகாரின் முதல் ஆசிரியர் ஹென்றி ஸ்டர்மி. இவரே டெய்ம்லர் கார் நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவராகவும் இருந்தார். கார்களைப் பற்றி எழுதியவரும் கார்களை விற்றவரும் ஒருவரே. தொழில் தழைக்க வேண்டிய தொடக்க காலத்தில் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

பிரான்சில் இந்தச் சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. ஜிஃபார் பின்னர் லெ வெலோ என்னும் விளையாட்டு நாளிதழின் ஆசிரியரானார். டிரைஃபஸ் வழக்கு நாட்டை இரண்டாகப் பிளந்தபோது அவர் ஒரு பக்கம் நின்றார். விளம்பரம் தந்த தெ தியோன் எதிர்ப்பக்கம் நின்றார். தெ தியோனும் வேறு சில தொழிலதிபர்களும் சேர்ந்து 1900இல் போட்டி இதழ் ஒன்றைத் தொடங்கினர். பிற்காலத்தில் லோத்தோ எனப் பெயர் பெற்ற அந்த இதழ்தான் 1903இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நடத்தியது. லெ வெலோ 1904இல் நின்றுபோனது. விளம்பரதாரர் நினைத்தால் ஓர் இதழை எழுப்பவும் வீழ்த்தவும் முடியும் என்பது இதனால் புலனாயிற்று.

அளவுகோல் பிறந்தது

நிறுவனம் சொல்வதை அப்படியே அச்சிடாமல், தானே அளந்து வெளியிடும் வழக்கம் மெல்ல வளர்ந்தது. தி ஆட்டோகார் தனது முறையான சாலைச் சோதனையை 1928ஆம் ஆண்டு ஆஸ்டின் 7 காருடன் தொடங்கியது. வேகம், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம், எரிபொருள் செலவு ஆகியவை எண்களாக அச்சேறின. அமெரிக்காவில் 1946 முதல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் எழுதிய டாம் மெக்காஹில், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஆகும் நொடிகளைக் கணக்கிடும் முறையைப் பரப்பினார். 1936இல் தோன்றிய கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்னும் நுகர்வோர் அமைப்பின் இதழ் விளம்பரமே வாங்குவதில்லை என்று முடிவு செய்தது.

ஒரே முறையில் எல்லாக் கார்களையும் அளந்தால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். அவ்வாறு ஒப்பிட முடிந்த பிறகு விளம்பர வாசகங்களின் வலிமை குறைந்தது.

1997: கவிழ்ந்த கார்

இதழ்ச் சோதனை பொறியியலை மாற்றியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சுவீடனில் நிகழ்ந்தது. அந்நாட்டுச் சாலைகளில் மூஸ் என்னும் பெரிய மான் திடீரெனக் குறுக்கே வருவதுண்டு. ஓட்டுநர் சட்டென்று பக்கத்துத் தடத்துக்குத் திருப்பி, உடனே தன் தடத்துக்கு மீள வேண்டும். கூம்புகளை நட்டு, மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் இதைச் செய்து பார்ப்பதே மூஸ் சோதனை.

1997ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று டெக்னிகென்ஸ் வார்ல்ட் இதழின் ராபர்ட் கொலின், அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்த மெர்சிடீஸ் பென்ஸ் ஏ-கிளாஸ் காரை இவ்வாறு ஓட்டியபோது அது கவிழ்ந்தது. அந்தக் காரின் நீளம் 3.6 மீட்டருக்கும் குறைவு. முன்புறம் மோதினால் எஞ்சின் பயணிகளுக்குக் கீழே சரிந்து செல்லும்படி இரட்டைத் தளம் அமைத்திருந்தார்கள். மோதலில் காக்க வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. ஆனால் அதனால் இருக்கைகள் உயர்ந்தன, பயணிகளின் எடையும் மேலே ஏறியது. ஈர்ப்பு மையம் உயர்ந்த வண்டி, வேகமான இரண்டாவது திருப்பத்தில் சாய்வது இயல்பு.

நிறுவனம் முதலில் குறையை ஏற்கவில்லை. ஆனால் செய்தி உலகெங்கும் பரவியது. கிழக்கு ஜெர்மனியின் பழைய டிராபண்ட் கார் அதே சோதனையில் தேறியது என்ற செய்தி கேலிக்கு இடமளித்தது. நவம்பரில் விற்பனை 12 வாரங்களுக்கு நிறுத்தப்பட்டது. சஸ்பென்ஷன் திருத்தப்பட்டு, நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தப்பட்டது.

இக்கருவி ஸ்டீயரிங் திரும்பிய கோணத்தையும் கார் உண்மையில் திரும்பும் விதத்தையும் ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் வேறுபட்டால், தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டு, எஞ்சின் விசையையும் குறைக்கிறது. பாஷ் நிறுவனத்துடன் உருவாக்கப்பட்ட இது, 1995இல் மெர்சிடீஸின் விலையுயர்ந்த கார்களில் அறிமுகமாகியிருந்தது. கவிழ்ந்த சிறிய கார் அதைச் சாதாரண வாடிக்கையாளரிடமும் கொண்டு சேர்த்தது. 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயமாயிற்று.

வரலாறு தரும் பாடம்

ஒரு சோதனை மதிப்புப் பெற மூன்று தகுதிகள் வேண்டும். அதன் முறை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மீண்டும் செய்தால் அதே முடிவு வர வேண்டும். சோதிப்பவர் விற்பவரைச் சார்ந்திருக்கக் கூடாது. இம்மூன்றும் சேர்ந்தபோது ஒரு சிறிய நாட்டின் இதழால் பெரிய நிறுவனம் ஒன்றைத் தன் காரைத் திருத்த வைக்க முடிந்தது. இன்று காணொளிகளில் கார் விமர்சனம் பார்ப்பவர்களும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் காரை யார், எப்படி அளந்தார்கள் என்பதே.