லெபாபா கல்வெட்டின் சாட்சியம்

டமாஸ்கஸுக்குத் தெற்கேயுள்ள தெய்ர் அலியின் பண்டைப் பெயர் லெபாபா. அங்கு 19ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட கிரேக்கக் கல்வெட்டு, மார்சியோன் வழியினரின் தொழுகைக்கூடம் மூப்பர் பவுலின் முயற்சியால் அமைந்ததைப் பதிவுசெய்கிறது. அது குறிக்கும் செலூக்கிய ஆண்டு 630; அதாவது கி.பி. 318–319. ஆண்டு பொறித்த தேவாலயக் கல்வெட்டுகளுள் மிகப் பழையதாக இதுவே கருதப்படுகிறது.

எபிரேய மறைநூலை ஏற்க மறுத்த மார்சியோனை உரோமைத் திருச்சபை 2ஆம் நூற்றாண்டிலேயே விலக்கியது. அவர் எழுத்துகள் எதிர்ப்பாளரின் மறுப்பு நூல்கள் வழியாகவே நம்மை எட்டுகின்றன. ஆயினும், யூதத் தொழுகைக்கூடத்தைக் குறிக்கும் 'சினகோகே' என்ற சொல்லையே அவர் வழியினர் தம் கூடத்திற்குச் சூட்டினர்.

நூல்கள் திரிபுக் கொள்கையராக மட்டுமே காட்டியோரை, ஊரறியப் பெயர் பொறித்து வாழ்ந்த சமூகமாகக் கல் காட்டுகிறது. கல்வெட்டை விலக்கி எழுதப்படும் திருச்சபை வரலாறு, வென்றவர் வாக்குமூலமாகவே எஞ்சும்.