உதட்டுக் களிம்புக்குள் ஓர் உலக வரலாறு



'பழங்காலச் செய்முறை, இயற்கையானது, தீங்கற்றது' என்ற அறிமுகத்தோடு, வண்ண உதட்டுக் களிம்பை வீட்டிலேயே செய்யும் முறைகள் இன்று பரவி வருகின்றன. நம் மாணவியரும் அவற்றை ஆர்வத்தோடு செய்து பார்க்கின்றனர். அந்தப் பழைய களிம்புகளில் உண்மையில் என்னதான் கலந்திருந்தது? இதனை ஆராய்ந்தால், ஒரு சிறு சிமிழுக்குள் பெரியதொரு வரலாறு அடங்கியிருப்பது புலப்படும்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென், மெழுகு, ரோசா எண்ணெய், நீர் ஆகியவற்றைக் குழைத்துக் களிம்பு செய்தார் என்பர். பின்வந்த ஐரோப்பியக் களிம்புகளுக்கு அதுவே முன்னோடி. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக் குடும்பத் தலைவியர் கையெழுத்துக் குறிப்பேடுகளை வைத்திருந்தனர். பழப்பாகு, இருமல் மருந்து, உதட்டுக் களிம்பு ஆகிய அனைத்தும் ஒரே ஏட்டில் இடம்பெற்றன. 1770-களில் லண்டனில் வெளிவந்த 'தி டாய்லெட் ஆஃப் ஃப்ளோரா' என்னும் நூலிலும் இத்தகைய செய்முறைகளைக் காணலாம்.

செய்முறை எளியதே. பன்றிக் கொழுப்பு அல்லது வாதுமை எண்ணெயுடன் தேன்மெழுகைச் சேர்த்து இளஞ்சூட்டில் உருக்குவர். அல்கானட் என்னும் செடியின் வேரை அதில் இட்டு, சிவப்பேறியதும் துணியில் வடிகட்டிச் சிமிழில் ஊற்றி ஆறவிடுவர்.

ஏன் அந்த வேர்? அதன் செந்நிறம் நீரில் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். பீட்ரூட்டின் நிறமோ நீரில் கரையும், எண்ணெயோடு ஒட்டாது. பீட்ரூட் சாற்றை மெழுகில் கலப்போர் களிம்பு திரிந்து போவதைக் காண்பது இதனால்தான். வேதியியல் பயிலாத அப்பெண்கள் அனுபவத்தால் இதனை அறிந்திருந்தனர்.

பிற பொருள்களுக்கும் கதை உண்டு. சில செய்முறைகள் கேட்ட வெண்மெழுகு, எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்காக எண்ணற்ற திமிங்கிலங்கள் வேட்டையாடப்பட்டன. 'கார்மைன்' என்னும் கருஞ்சிவப்பு, மெக்சிகோவில் கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து கிடைத்தது. அவ்வாணிகத்தை ஸ்பெயின் நெடுங்காலம் தன் பிடியில் வைத்திருந்தது.

அதனை முறியடிக்கும் முயற்சி ஒன்று தமிழ் மண்ணிலும் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 1780-களின் பிற்பகுதியில் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். ஆனால், 1795-இல் கல்கத்தாவில் வந்திறங்கிப் பின்னர் சென்னையை அடைந்த பூச்சி தரம் குறைந்த வேறோர் இனம். முயற்சி பலிக்கவில்லை.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. பழையன எல்லாம் தீங்கற்றவை அல்ல. 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உதட்டுக்குப் பாதரசம் கலந்த சாதிலிங்கத்தையும் முகத்திற்கு ஈய வெள்ளையையும் பூசினர். சாதுவாகத் தோன்றும் அல்கானட் செடியிலும் கல்லீரலைப் பாதிக்கவல்ல வேதிப்பொருள்கள் இருப்பதை இன்றைய ஆய்வு அறிந்துள்ளது. உதட்டில் பூசுவது ஓரளவு வயிற்றுக்குள்ளும் செல்கிறது என்பதை மறவாதீர்கள். அதுபோலவே, 'இயற்கையானது' என்ற சொல் 'சைவம்' என்றும் பொருள்படாது. இன்றைய உதட்டுச் சாயங்கள் சிலவற்றில் கார்மைன் உண்டு. பொட்டலத்தில் 'ஈ120' அல்லது 'சிஐ 75470' என்ற குறியீடு இருந்தால் அது பூச்சி தந்த நிறமே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலும் பயன்படுத்தலாம். ஒரு கிண்ணத்தில் நீரும் மற்றொன்றில் தேங்காயெண்ணெயும் எடுத்து, இரண்டிலும் பீட்ரூட் துண்டுகளை இடச் செய்யுங்கள். பின்னர் மஞ்சள்தூளைக் கொண்டு அதையே செய்யுங்கள். எது எதில் நிறம் விடுகிறது என்று மாணவர்களே கண்டு சொல்லட்டும். அதன்பின் பழைய செய்முறை ஒன்றைத் தந்து, 'இப்பொருள் எங்கிருந்து வந்தது? யார் கொண்டுவந்தார்? எந்த உயிர் இதற்காக மாண்டது?' என்று வினவச் சொல்லுங்கள்.

முன்னோர் எழுதியதை மதிப்போம். ஆனால், வினவாமல் உதட்டில் பூச வேண்டாம். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளர்ப்பதே வரலாற்றுப் பாடத்தின் பயன்.