காலையில் வைத்து மாலையில் இறக்கும் பானை



காலையில் தக்காளி, வெங்காயம், கோழி இறைச்சி ஆகியவற்றை ஒரு மின்பானையில் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போகிறோம். மாலையில் வந்து அதில் மக்கரோனியைச் சேர்த்தால் அரைமணி நேரத்தில் இரவுச் சாப்பாடு தயார். ஸ்லோ குக்கர் எனப்படும் இந்தப் பானை அமெரிக்கக் கடைகளிலிருந்து வந்தது. ஆனால் அதன் வேர் ஒரு சமய நெறியில் இருக்கிறது.

யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தது முதல் சனிக்கிழமை இரவு வரை ஓய்வு நாள். அந்நேரத்தில் நெருப்பு மூட்டுவதும் சமைப்பதும் கூடாது என்பது அவர்களுடைய வேதக் கட்டளை. அப்படியென்றால் சனிக்கிழமை சூடான உணவுக்கு என்ன வழி? கிழக்கு ஐரோப்பாவில் பெண்கள் ஒரு வழி கண்டார்கள். இறைச்சி, அவரை விதை, பார்லி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பானையில் இட்டு, பொழுது சாயுமுன் ஊர் ரொட்டிக் கடைக்குக் கொண்டு போவார்கள். மூடியின் விளிம்பைப் பிசைந்த மாவால் அடைப்பதும் உண்டு. ரொட்டி சுட்ட அடுப்பு தணியத் தணிய, அந்த மிச்சச் சூட்டிலேயே பானை இரவெல்லாம் வெந்துகொண்டிருக்கும். இந்த உணவுக்குச் சோலெண்ட் என்று பெயர்.

லித்துவேனியாவின் வில்னா நகரில் தன் தாய் இவ்வாறு சமைத்ததை ஒரு பெண்மணி அமெரிக்காவில் தம் மகனுக்குச் சொன்னார். மகன் பெயர் இர்விங் நாக்சன். சிகாகோவில் பல கருவிகளைப் படைத்த அவர், தணிந்த அடுப்பின் வேலையை மின்சாரம் செய்யட்டுமே என்று எண்ணினார். உள்ளே பானை; அதைச் சுற்றிலும் இளஞ்சூடு தரும் மின்கம்பி. 1936இல் விண்ணப்பித்து 1940இல் காப்புரிமை பெற்றார். காப்புரிமைத் தாளில் அவர் பெயர்தான் இருக்கிறது. பானையைத் தூக்கிக்கொண்டு ரொட்டிக் கடைக்கு நடந்த பெண்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அறிவு அவர்களுடையது என்றே நான் சொல்வேன்.

நாக்சனின் கருவி அவரை விதை வேகவைக்கும் பானையாகவே சில காலம் விலைபோனது. 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, மறு ஆண்டில் கிராக்பாட் என்று புதுப்பெயர் சூட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்தில் அமெரிக்கப் பெண்கள் பெருந்தொகையினராக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். பானை அமோகமாக விற்றது. 1975இல் மேபல் ஹாஃப்மன் எழுதிய சமையல் நூலும் இலட்சக்கணக்கில் விற்றது.

நம் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போன தாய்மார்கள் இருட்டிலேயே எழுந்து சோறு ஆக்கி வைத்ததை நினைத்துப் பாருங்கள். அந்த அமெரிக்கப் பெண்களின் தொல்லையும் ஏறக்குறைய அதுதான். வேலைக்கும் போக வேண்டும், உலையும் வைக்க வேண்டும். பானை அவர்கள் சுமையைக் குறைத்தது உண்மை. ஆனால் அந்தச் சுமையில் பாதியைக் கணவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விளம்பரம் சொல்லவில்லை!

இனி மக்கரோனிக்கு வருவோம். மக்கரோனி கோதுமைப் பண்டம். காலையிலேயே பானையில் போட்டால், எட்டு மணி நேரத்தில் நீரை எல்லாம் குடித்துக் கூழாகிவிடும். ஆகவே குழம்பு மட்டும் குறைந்த சூட்டில் ஏழு எட்டு மணி நேரம் வேகட்டும். வீடு திரும்பியதும் சூட்டைக் கூட்டி, மக்கரோனி மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி, அரைமணி நேரம் வைத்தால் போதும். இடையில் மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம். திறக்குந்தோறும் சூடு போய், வேகும் நேரம் நீளும். சிவப்புக் காராமணி போலத் தோன்றும் பெரிய சிவப்பு ராஜ்மா விதையைச் சேர்ப்பதானால், முதலில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே பானையில் இட வேண்டும். அவ்விதையில் உள்ள நச்சு இளஞ்சூட்டில் அழியாது.